புதுப்பிப்பு: இமாச்சலின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய் வந்தாச்சு, கம்ப்ரசர் தாங்கியதா?

கையடக்கக் கம்ப்ரசர் 4,000 மீட்டர் உயரத்தில் பிக்கப் டயருக்குக் காற்றடிக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அடிக்கும், ஆனால் பொறுமை வேண்டும்.

கரடுமுரடான பாதைக்காகக் கிராம்பூவில் டயர் அழுத்தத்தை 24 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, பாறையும் ஓடைநீருமாகக் கிடக்கும் பாதையில் பாத்தல், குன்சும் கணவாய் தாண்டி லோசர் போய்ச் சேர்ந்ததும் 36க்கு ஏற்றினேன். வீட்டில் டயருக்கு 4 நிமிடம் ஆனது அங்கே 7 நிமிடத்தைத் தொட்டது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான், அதனால் பிஸ்டன் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உள்ளே போகும் காற்றே குறைவு. மெல்லிய காற்று மோட்டாரின் சூட்டையும் சரியாக வாங்கிக்கொள்வதில்லை, மூன்றாவது டயரில் சூடேறித் தானாகவே நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகு ஓடியது. ஒவ்வொரு டயருக்கும் நடுவில் ஓய்வு கொடுங்கள், குளிரில் அவசரப்படத்தான் தோன்றும்.

பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. இன்ஜினை ஓடவிட்டே அடித்தேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும்.

அப்புறம் ஒன்று. கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றுக்கும் டயருக்கும் உள்ள வித்தியாசத்தை. மேலே 36 வைத்துவிட்டு, தாழ்வில் இருக்கும் ராம்பூர் வரை இறங்கினால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுதல் என்பதால், வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், கிட்டத்தட்ட 4 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். பஞ்சர் என்று பயப்படாமல், டயர் ஆறியதும் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள்.