புதுப்பிப்பு: பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்பும் டவுன் பஸ்ஸும்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரைக்கு முடிகிறது, டவுன் பஸ் ஐந்தேகாலுக்கே போய்விடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றலாம் என்றார் தலைமையாசிரியர். குழுத் தலைவி (அவரும் ஒரு மாணவியின் அம்மாதான்) ஒரே போடாகப் போட்டார்: “பாதிப் புள்ளைங்க வெறும் வயித்தோடதான் வரும் சார்.” நியாயம்தான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்புக்கு மதியச் சாப்பாடும் முட்டையும்தான்.

கடைசியில், மாலை வகுப்பு ஐந்து மணிக்கே முடியும், மிச்சம் சனிக்கிழமை காலையில் என்று முடிவானது. பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுப் பணிமனையில் கொடுத்த மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சைக்கிளில் போகலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். இந்த வாரம்தான் வந்து இறங்கியது. சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் ஒருவன் வரிசையாக எல்லா மணியையும் அடித்துப் பார்த்துவிட்டான்!

அப்புறம், கலைத் திருவிழாவில் நம் வில்லுப்பாட்டுக் குழு வட்டார அளவுக்குப் போகிறது. ஒத்திகையில் குடம் உடைந்துவிட்டது. நல்ல மண்குடம் வைத்திருப்பவர்கள் புதன்கிழமைக்குள் தமிழய்யாவிடம் கொடுத்துவிடுங்கள்.