வீட்டு வைஃபை பிரிண்டர்: இணைப்பு அறுபடாமலும் பிறர் புகாமலும் அமைப்பது எப்படி?

மன்னைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியை ஒட்டிய கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். ஸ்கேன், நகல் வசதிகள் கொண்ட இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை வீட்டு வைஃபையில் இணைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பாடத்தாள்களுக்காக வாங்கியதுதான் என்றாலும், நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கும் பருவத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களுக்காகத் தெருவில் உள்ள உறவினர்கள் பலரும் எங்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆகவே கருவி ஒழுங்காக இயங்குவதைப் போலவே, அதன் வழியே செல்லும் ஆவணங்கள் பத்திரமாக இருப்பதும் எங்களுக்கு முக்கியம்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. இணைய நிறுவனத்தார் ரவுட்டரை ரேழியில் பொருத்தியிருக்கிறார்கள். பிரிண்டர் முற்றத்தைத் தாண்டி உள்ளறையில் இருக்கிறது. ரவுட்டர் இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டுகிறது. அவற்றுள் 5ஜி என்று முடியும் பெயர் பிரிண்டரின் திரையில் தோன்றுவதே இல்லை. மற்ற பெயரில் இணைத்தால் இணைகிறது. ஆனால் மின்சாரம் போய் வந்தால் கணினியில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. சில வேளைகளில் தானே சரியாகிறது, சில வேளைகளில் பிரிண்டரை நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. அண்மையில் ஒரு மாலை, வீட்டில் எவரும் அனுப்பாத கணக்குப் பயிற்சித் தாள்கள் பிரிண்டரிலிருந்து வெளிவந்தன. கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காக எங்கள் வைஃபை கடவுச்சொல்லைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தோம், அதன்பின் மாற்றவில்லை. வெளியார் எவரேனும் புகுந்துவிட்டார்களா? அப்படியானால் நாங்கள் ஸ்கேன் செய்த ஆதார் நகல்களையும் அவர்களால் பார்க்க முடியுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குடந்தை நெட்வொர்க்

வணக்கம் ஐயா. பயிற்சித் தாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே இருக்கும். தொலைவில் இருந்துகொண்டு ஊடுருவுபவர் கணக்குப் பயிற்சியை அச்சிட மாட்டார். உங்கள் கடவுச்சொல்லை முன்பே பெற்ற பிள்ளை ஒன்று, கைபேசியில் 'அச்சிடு' என்பதைத் தொட்டபோது பட்டியலில் முதலில் தெரிந்த பிரிண்டரைத் தேர்ந்திருக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளும் ஐபோன்களும் ஒரே வலையில் உள்ள பிரிண்டர்களைத் தாமாகவே கண்டறிந்து காட்டும்; தனி மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

இன்னொரு வாயிலும் உண்டு. பல வீட்டுப் பிரிண்டர்கள், ரவுட்டரின் துணையின்றியே கைபேசியுடன் நேரடியாகப் பேசுவதற்காக 'வைஃபை டைரக்ட்' என்ற தனி வலையை உருவாக்கிக்கொள்கின்றன. வாசல் திண்ணையில் நின்று உங்கள் கைபேசியின் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். 'டைரக்ட்' என்று தொடங்கி உங்கள் பிரிண்டரின் மாடல் பெயரோடு முடியும் ஒரு பெயர் தெரிந்தால் அந்த வாயில் திறந்திருக்கிறது என்று பொருள். சில மாடல்களில் இதன் கடவுச்சொல் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 12345678 என்றிருக்கும். ரவுட்டரின் கடவுச்சொல்லை எத்தனை கடினமாக மாற்றினாலும் இந்த வாயில் மூடாது. பிரிண்டரின் வைஃபை அமைப்புப் பகுதிக்குச் சென்று இதனைத் தனியாக அணைக்க வேண்டும்.

இனி இணைப்புச் சிக்கல். வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். உங்கள் ரவுட்டரில் 5ஜி என்று முடியும் 5 கிகாஹெர்ட்ஸ் வலை அவற்றின் கண்ணுக்கே தெரியாது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கனமாகக் கட்டிய சுவர்களை 2.4 அலைவரிசையே சற்று நன்றாகக் கடந்து செல்லும் என்பதால், உங்கள் வீட்டுக்கு அதுவே ஏற்றது. இரண்டு பெயர்களும் ஒரே ரவுட்டரின் இரு கிளைகள்தாம். கைபேசி 5 கிகாஹெர்ட்ஸிலும் பிரிண்டர் 2.4-லும் இருந்தாலும் அச்சிட இயலும். முதன்முறை இணைக்கும்போது மட்டும் கைபேசியையும் 2.4 பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மின்தடைக்குப் பின் ஆஃப்லைன் ஆவதற்குக் காரணம் முகவரி மாற்றமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும், வலையில் அதை அடையாளம் காட்டும் ஓர் ஐபி முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. எல்லாம் அணைந்து மீண்டும் எழும்போது பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்துவிட்டால், கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், முகவரி வழங்குவதற்கான டிஎச்சிபி என்ற பகுதியில், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த முகவரிதான் என்று ஒதுக்கீடு செய்ய இயலும். அதைச் செய்தபின், விண்டோஸில் பிரிண்டரைத் தானாகக் கண்டறிய விடாமல், 'டிசிபி/ஐபி முகவரி கொண்டு சேர்' என்ற வழியில் அந்த முகவரியைத் தட்டச்சு செய்து சேருங்கள். தானாகக் கண்டறியும்போது விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வழியைப் பயன்படுத்தும். பொய்யான ஆஃப்லைன் நிலைகளுக்கு அந்த வழி பேர்போனது.

உள்ளறையில் சிக்னல் மிகவும் தாழ்ந்திருந்தால், ரேழியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைக்கலாம். ஆனால் அதனை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வைக்க வேண்டும். ரவுட்டராகவே வைத்துவிட்டால் அது தனக்குக் கீழே வேறொரு வலையை உருவாக்கிவிடும். பின்னர் முன்பக்கத்தில் உள்ள கைபேசிக்குப் பின்பக்கத்துப் பிரிண்டர் தென்படாது.

பெரியகோயில் தெரு

என் அனுபவத்தில் எளிய வழி, வைஃபை பெயரை மறைத்துவிடுவதும், வீட்டுக் கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்களை) மட்டும் ரவுட்டரில் அனுமதிப்பதும்தான். பட்டியலில் பெயரே தெரியாவிட்டால் தெருவில் எவரும் முயல மாட்டார்கள்.

ஐயாற்றுக் கரை

மேலே பதிலளித்த நண்பரின் நோக்கம் நன்று; ஆயினும் அவ்விரண்டையும் காவலாகக் கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கருவி வைஃபையில் பேசும்போது அதன் மேக் முகவரி மறையாக்கம் இன்றியே, அதாவது பிறர் படிக்கக்கூடிய வடிவிலேயே, காற்றில் செல்கிறது. இலவச மென்பொருள் கொண்டு அதைப் படித்துத் தன் கருவிக்குச் சூட்டிக்கொள்வது கடினமன்று. மறைத்த பெயரும் அவ்வாறே வெளிப்பட்டுவிடும். மேலும், இன்றைய கைபேசிகள் ஒவ்வொரு வலைக்கும் ஒரு புனை மேக் முகவரியைக் காட்டுவதால், அந்தப் பட்டியலைப் பராமரிப்பதே வீட்டாருக்குத் தலைவலியாகும். பூட்டு என்பது கடவுச்சொல்லும் மறையாக்கமும்தான்.

ரவுட்டரில் வைஃபை மறையாக்க முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர்கள் இணையா. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்கினால் நீளமாகவும் இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் நினைவிலும் நிற்கும்.

வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி பற்றி ஒரு சொல். பொத்தானை அழுத்தி இணைக்கும் முறை இரண்டு நிமிடங்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் என்பதால் அதில் அபாயம் குறைவு. எட்டு இலக்க எண்ணைக் கொண்டு இணைக்கும் முறைதான் ஆபத்தானது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், பத்துக் கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. பிரிண்டரை இணைத்து முடித்தபின் டபிள்யூபிஎஸ்ஸை முழுவதுமாக அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் இடம்: பிரிண்டருக்குள்ளேயே ஒரு சிறிய இணையப் பக்கம் இருக்கிறது. பிரிண்டரின் ஐபி முகவரியைக் கணினியின் பிரவுசரில் தட்டினால் அது திறக்கும். வைஃபை அமைப்பு, ஸ்கேன் செல்லும் இடம், முகவரிப் பட்டியல் எல்லாம் அங்கேதான். அதன் நிர்வாகக் கடவுச்சொல் சில மாடல்களில் காலியாக இருக்கும். பல மாடல்களில் கருவியின் வரிசை எண்ணாக இருக்கும். 2025 ஜூனில் ராபிட்7 என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, பிரதர் நிறுவனத்தின் பல நூறு மாடல்களில், வரிசை எண் தெரிந்தால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லைக் கணக்கிட்டுப் பெறலாம். ஏற்கெனவே உற்பத்தியான கருவிகளில் இக்குறையை ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் இயக்க மென்பொருள்) புதுப்பிப்பால் முழுமையாக நீக்க இயலாது. உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றுவதே தீர்வு. உங்களுடையது எந்த நிறுவனத்துடையதாயினும், இந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள் என்பேன்.

வெளியுலகிலிருந்து வரக்கூடிய ஆபத்து உண்மையானதா என்றால், உண்மையானதே. 2018 நவம்பர் இறுதியில், 9100 என்ற போர்ட் (வலை வழியே தகவல் வந்து சேரும் எண்ணிட்ட வாயில்) இணையத்துக்குத் திறந்திருந்த ஏறத்தாழ 50,000 பிரிண்டர்களில், ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் தாள் உலகெங்கும் தானாக அச்சாகி வந்தது. அனுப்பியவர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. அந்த போர்ட்டுக்கு வரும் எதையும் பிரிண்டர் கேள்வியின்றி அச்சிடும். ஆகவே அந்த போர்ட் வீட்டு வலைக்கு வெளியே தெரியவே கூடாது. வெளியிலிருந்து வருவதை உள்ளிருக்கும் கருவிக்கு அனுப்பும் 'போர்ட் ஃபார்வார்டிங்' பட்டியலில், அச்சிடுவதற்கான 9100, 631, 515 ஆகிய எண்கள் இருந்தால் ரவுட்டரில் நீக்குங்கள். உள்ளிருக்கும் கருவிகள் தாமாகவே வாயில் திறந்துகொள்ள இடமளிக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஐபிவி6 என்ற புதிய ஐபி முகவரி முறை பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் வீட்டுக் கருவிகள் அனைத்தும் ரவுட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஐபிவி6 முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைக்கக்கூடும். அப்போது தடுத்து நிற்பது, வெளியார் நுழைவைத் தடுக்கும் ரவுட்டரின் ஃபயர்வால் ஒன்றுதான். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மன்னைவாசி

இருவருக்கும், கருத்துச் சொன்ன தஞ்சை நண்பருக்கும் மிக்க நன்றி. வைஃபை டைரக்ட் திறந்தே இருந்தது. கடவுச்சொல்லும் குடந்தை நண்பர் குறிப்பிட்ட அதே எண்தான். பக்கத்து வீட்டில் கேட்டபோது, அவர்களுடைய மகன் தன் பயிற்சித் தாளைத் தெரியாமல் அனுப்பியதாகச் சொன்னான். இப்போது அதை அணைத்துவிட்டேன், கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன், முகவரி ஒதுக்கீடும் செய்துவிட்டேன். அதன்பின் மின்தடை வந்தபோது பிரிண்டர் தானாகவே இணைந்துகொண்டது.

இன்னும் சில ஐயங்கள். உறவினர்களுக்கு உதவுவதை நிறுத்த எனக்கு மனமில்லை. அவர்களை வைஃபையில் சேர்க்காமல் அச்சிட்டுத் தருவது எப்படி? அவர்களுடைய ஆதார் நகல் எங்கெங்கே தங்கிவிடும்? எங்களிடம் உள்ள பழைய பிரிண்டரை மாற்றுச் சலுகையில் கடைக்குக் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது.

மயிலாடுதுறை கணினி மையம்

ஐயா, நாங்கள் தினமும் இதே வேலையைச் செய்கிறோம் என்பதால் சொல்கிறேன். தெருப் பிள்ளைகளுக்கு இணையம் கொடுக்க விரும்பினால் ரவுட்டரில் 'கெஸ்ட்' வலையைத் திறந்து அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிரிண்டர் முதன்மை வலையிலேயே இருக்கட்டும். கெஸ்ட் வலையில் இருப்பவர்களுக்கு வீட்டுக் கருவிகள் தெரியாதபடி தடுக்கும் அமைப்பு பெரும்பாலான ரவுட்டர்களில் உண்டு. அது இயங்குகிறதா என்று ஒரு கைபேசியை அதில் இணைத்து, பிரிண்டர் பட்டியலைத் திறந்து சோதித்துவிடுங்கள்.

உறவினர்களின் ஆவணத்தைப் பொறுத்தவரை, தாளாகக் கொண்டு வந்தால் பிரிண்டரின் நகல் பொத்தானையே பயன்படுத்துங்கள். அவ்வாறு எடுக்கும் நகல் கைபேசிக்கோ கணினிக்கோ செல்வதில்லை. வீட்டு இங்க்ஜெட் கருவிகளில் பொதுவாக ஹார்ட் டிஸ்க் கிடையாது. அச்சிடும் பக்கம் தற்காலிக நினைவகத்தில் இருந்து, மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். உண்மையில் ஆதார் தங்கிவிடும் இடம் கைபேசிதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உங்கள் கேலரியில் சேரும். கேலரி கூகுள் ஃபோட்டோஸோடு இணைந்திருந்தால் அங்கும் ஒரு பிரதி ஏறிவிடும். பிடிஎஃப் என்றால் டவுன்லோடு கோப்புறையில் கிடக்கும். அச்சிட்டவுடன் இவ்விடங்களில் அழிக்க வேண்டும், குப்பைத் தொட்டிப் பகுதியையும் சேர்த்து. முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கம் செய்யலாம் என்பதை உறவினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பாழான நகல்களைக் கிழித்துவிடுங்கள். எங்கள் மையத்தில் அவற்றைப் பொட்டலம் மடிக்க எவருக்கும் கொடுப்பதில்லை.

பழைய பிரிண்டரில் உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் நிலைத்த நினைவகத்தில் பதிந்திருக்கும். ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி அமைத்திருந்தால் அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் இருக்கும். வலை அமைப்புகளை மட்டும் அழிக்கும் தேர்வு வேறு, தொழிற்சாலை நிலைக்கே திருப்பும் தேர்வு வேறு, இரண்டாவதைச் செய்யுங்கள். பிரிண்டரை நிறுவனத்தின் செயலியில் உங்கள் பெயரில் பதிந்திருந்தால் அந்தக் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். அதன்பின் வலை நிலை அறிக்கையை ஒருமுறை அச்சிட்டு, வைஃபை பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கொடுக்கலாம்.