வின்னட்ஸ் பாஸ் மலைச்சாலையில் ஏற, சைக்கிளின் பின்சக்கரத்தில் 28 பல் போதுமா, 34 வேணுமா?

கியர்க்கணக்கு:
பக்கத்துத் திரியில் ஒற்றைமிதி எழுதியதை அப்படியே தருகிறேன்: “காசில்டனில் கிளம்பி ஹோப், ஹாதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்ட், ஈம், டைட்ஸ்வெல், பிராட்வெல் எல்லாம் சுத்தி வந்து கடைசியா வின்னட்ஸ் ஏற 34-28 தாராளமாப் போதும். பின்னாடி 34 பல் மாட்டுறது காலில் தெம்பில்லாதவங்க வேலை.” 34-28 என்றால் முன்னால் 34 பல், பின்னால் 28 பல்; பின்னால் பல் கூடினால் மிதிக்க லேசு. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் முதல்முறையாகப் போகிற யாராவது இதை நம்பி, நடு ஏற்றத்தில் கால் ஊன்றி நிற்பார்கள். அதனால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ. 28 மி.மீ. டயர், ஒரு சுற்றுக்கு 2.136 மீட்டர். சரிவு 20 சதவீதம். 250 வாட் மிதித்தால் வேகம் மணிக்கு 5.3 கி.மீ. அந்த வேகத்தில் 34-28-ல் கால் நிமிஷத்துக்கு 34 சுற்றுதான் சுற்றும். 34-34 என்றால் 41 சுற்று. 172.5 மி.மீ. கிராங்கில் (பெடல் மாட்டிய கை) மிதிக்க வேண்டிய சராசரி பாரம் 28-ல் 41 கிலோ, 34-ல் 34 கிலோ. இத்தனைக்கும் இது சராசரி. பெடல் கீழே இறங்கும் கணத்தில் இதைவிட ரொம்ப அதிகம். தெம்பு பற்றிய பேச்சே இல்லை இது.

ஒற்றைமிதி:
வந்துட்டாரய்யா கால்குலேட்டரோட! மலை ஏறுறது காலா, எக்செல் ஷீட்டா? பலகையில் போட்டிருக்கிற 20 சதவீதம் உச்சபட்சச் சரிவு. ஸ்பீட்வெல் குகை வாசலிலிருந்து உச்சி வரைக்கும் அதே சரிவு கிடையாது. பள்ளத்தாக்கு குறுகுற இடத்தில்தான் கடுமை. அந்தக் கொஞ்ச தூரத்துக்காக வண்டியையே மாத்தணுமா? முன்னாடி 42 பல், பின்னாடி 23 வச்சு இதே ரோட்டில் ஏறின தலைமுறை உண்டு. 28 போதும்.

கியர்க்கணக்கு:
உச்சபட்சச் சரிவில்தான் வண்டி நிற்கும். சராசரிச் சரிவில் யாரும் கால் ஊன்றுவதில்லை. நிமிஷத்துக்கு 34 சுற்று. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

புதுசைக்கிள்:
சின்னச் சந்தேகம். போதும்னு சொல்றது நிக்காம ஏறிட்டாப் போதும்னா, இல்ல ஏறின பிறகும் முட்டி வலிக்காம இருக்கணும்னா?

யாழ்ச்சில்லு:
அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் மழையைக் கணக்கில எடுக்கேல்லை. அந்த றோட்டு நனைஞ்சா வழுக்கும், செம்மறியாடு வேற றோட்டிலயே நிக்கும், புழுக்கையும் கிடக்கும். பெரிய கியரில மெதுவா மிதிக்கேக்க ஒவ்வொரு மிதிக்கும் பின்சில்லுக்கு ஒரு வெட்டு விழும். சீட்டை விட்டு எழும்பினால் பின்சில்லில பாரம் குறைஞ்சு சுத்திப்போடும். இருந்தபடி மிதிச்சா முன்சில்லு தூக்கப் பாக்கும். இருந்துகொண்டு நெஞ்சை ஹாண்டில்பார் பக்கம் சாய்ச்சு, சீட்டின்ர முன்பக்கம் நகர்ந்து மிதிக்கிறதுதான் ஒரே வழி. அதுக்குச் சின்ன கியர் வேணும். 34தான்.

ஒற்றைமிதி:
ஆட்டுப் புழுக்கைக்கும் கேசட்டுக்கும், அதான் பின்சக்கரப் பல்லடுக்குக்கும், முடிச்சுப் போட்டாச்சு, பேஷ். 34 பல் போடுறவங்க ஒண்ணைச் சொல்லவே மாட்டாங்க. 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15னு வரிசையா வரும். 11-34-ல் 11, 13, 15. நடுவில் 12-ம் இல்ல, 14-ம் இல்ல. ஹோப்பிலிருந்து ஹாதர்சேஜ் வரைக்கும் சமதளம். கூட்டமா போகும்போது 13 கனமா இருக்கும், 15 லேசா இருக்கும். மொத்தச் சுத்துக்கும் சரியான கியர் இல்லாம அவதிப்படணும், கடைசிப் பள்ளத்தாக்குக்காக. அதோட 34 பல் கேசட் 100 கிராம் கூடுதல் கனம்.

கியர்க்கணக்கு:
85 கிலோவில் 100 கிராம் என்பது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. தண்ணி பாட்டிலில் நாலு மடக்குக் குடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. பாரம் 41 கிலோவா, 34 கிலோவா என்பதுதான் கேள்வி.

மாட்டுகிறவர்களுக்கு மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைமிதி பேச்சைக் கேட்டு 28 வாங்கியவர்கள் பிறகு அவசரமாக 34-க்கு மாறி வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட் என்றால் முதலில் பின் டெரெய்லரை, அதாவது செயினைப் பல் மாற்றும் கருவியை, பாருங்கள். எஸ்எஸ் (குட்டை வகை) என்று இருந்தால் அதிகபட்சம் 30 பல். ஜிஎஸ் (நீள வகை) என்று இருந்தால்தான் 34. முன்னால் 50-34, பின்னால் 11-34 என்றால் முன் வித்தியாசம் 16, பின் வித்தியாசம் 23, கூட்டினால் 39. ஜிஎஸ் தாங்கும் மொத்தப் பல் வித்தியாசம் சரியாக அதுதான். எஸ்எஸ் தாங்குவது 35.

அடுத்தது செயின். பழைய 28-க்கு வெட்டிய செயினை அப்படியே விட்டால் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டெரெய்லர் முன்னால் இழுபட்டு, அதை மாட்டியிருக்கும் ஹேங்கரோடு பிய்ந்து ஸ்போக்குக்குள் போகும். செயினைப் புதிதாக அளந்து போடுங்கள். ஷிமானோவின் 11 ஸ்பீடு 11-34-ஐ 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப்பில் (கேசட் ஏறும் அச்சுப்பகுதி) போடும்போது பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் கட்டாயம். விட்டால், கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் கடகடவென்று ஆடும். கடைசியாக பி-ஸ்குரூ, டெரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளிவைக்கும் திருகு. டெரெய்லரின் ஜாக்கி சக்கரம் 34 பல்லில் உரசி கொரகொர என்று சத்தம் வந்தால் உள்ளே முறுக்குங்கள்.

டெர்பிவாசி:
கேசட்டை விடுங்கய்யா. அந்தச் சுத்தில் ஆள் மாட்டுற இடம் வின்னட்ஸ் இல்ல, கிரிண்டில்ஃபோர்ட். அங்கிருந்து சர் வில்லியம் ஹில் ரோட்டில் ஏறினா, மேலே தார் ரோடு இடது பக்கம் ஈம் கிராமத்துக்குத் திரும்பும். நேரா போறது கல்லும் சேறும். செயற்கைக்கோள் கருவி சில சமயம் நேரா போகச் சொல்லும், ரோடு பைக்கோட உள்ளே போனா டயர் கிழியும். இடது பக்கம் திரும்பினா மொம்பெசன் கிணத்தைத் தாண்டி இறங்கலாம். 1666-ல் பிளேக் சமயத்தில் ஊர்க்காரங்க வெளியே வராம, வெளியூர்க்காரங்க வச்சுட்டுப் போன சாமானுக்குக் காசு போட்ட இடம்.

வின்னட்ஸ் பள்ளத்தாக்கே ஒரு பெரிய குகை இடிஞ்சு விழுந்ததுதான். இவங்க என்னமோ ரோடு போட்டவன் மேல கோபப்படுறாங்க.

யாழ்ச்சில்லு:
குகை இடிஞ்சதெண்டு ஆர் சொன்னது? அது பழைய கதை. கார்பனிஃபெரஸ் காலத்துக் கடலடியில இருந்த சுண்ணாம்புக்கல் திட்டுகளுக்கு நடுவில ஓடின வாய்க்கால் எண்டுதான் இப்ப சொல்லுகினம். தெரியாட்டி எழுதாதேங்கோ.

டெர்பிவாசி:
ரெண்டு வருஷம் முன்னாடி டியூப்லெஸ் திரியிலும் நீங்க இப்படித்தான் ஆரம்பிச்சீங்க.

யாழ்ச்சில்லு:
டியூப்லெஸ் விசயத்திலயும் நான் சொன்னதுதான் சரி. செப்டம்பர் பிறந்து வேலி வெட்டத் தொடங்கினா, ஹாதார்ன் முள்ளு றோட்டெல்லாம் கிடக்கும். வெறும் டியூபோட போறவை ஃபூலோ ஊர் தாண்ட முதலே பஞ்சர் ஒட்டிக்கொண்டு நிப்பினம்.

ஒற்றைமிதி:
கால் தாங்காதுன்னா வின்னட்ஸை விட்டுட்டு பழைய மாம் டோர் ரோட்டில் போங்களேன். 1819-ல் வின்னட்ஸின் செங்குத்தைத் தவிர்க்கத்தானே அதைப் போட்டாங்க. சரிவு குறைவு. 28 வேணாம், 25-ஏ போதும்.

டெர்பிவாசி:
மண்சரிவால் 1979-ல் மூடின ரோட்டுக்கா அனுப்புறீங்க? உடைஞ்ச ஓரத்தில் தார் மேல தார், சரளை மேல சரளைன்னு, ஒவ்வொரு தடவை ஒட்டுப் போட்டதும் அடுக்கு அடுக்கா தெரியும். நடுவில் ஆள் உயரத்துக்கு இறங்கிப் போயிருக்கு. வண்டியைத் தோளில் தூக்கணும், அதுவும் ரோடு ஷூவில், அடியில் பெடலைக் கவ்வுற கிளீட் வழுக்க. லேசான வழி வேணும்னா பார்பர் பூத் பக்கமிருந்து மாம் நிக் ஏறுங்க. அதுவும் கடுமைதான், ஆனா வளைஞ்சு ஏறும், மூச்சு விட இடம் உண்டு. வின்னட்ஸில் இறங்கவே இறங்காதீங்க. ஈர ரிம் பிரேக், எதிரே கார், கீழே ஆடு தாண்டாம ரோட்டில் போட்ட கம்பிப்பாலம். கம்பிப்பாலத்தை நேராத்தான் கடக்கணும், அது மேல பிரேக் பிடிச்சா விழுந்தாச்சு.

புதுசைக்கிள்:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்வீங்களா?

கியர்க்கணக்கு:
மாம் டோர், குகை, முள் எல்லாம் தனித் திரி போட்டுப் பேசுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். இத்தனை ஊர் சுற்றிய காலோடு, 20 சதவீதத்தில், 28 பல்லில் நிமிஷத்துக்கு 34 சுற்று. 42-23 வைத்து ஏறியவர்கள் உண்டு என்கிறார். அதே 250 வாட்டில் 42-23 என்றால் நிமிஷத்துக்கு 23 சுற்று. அதில் ஏறியவர்கள் 250 வாட்டில் ஏறவில்லை, அதைவிட எவ்வளவோ கூட மிதித்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கால் கிடையாது. முன்னால் 46-30 கிராங்க் போட்டு, பின்னால் 34 வைத்தால் 47 சுற்று வரும். அதுதான் இன்னும் நல்லது என்பேன்.

ஒற்றைமிதி:
இப்போ 30-34 ஆயிடுச்சா? நாளைக்கு மோட்டார் வைக்கச் சொல்வீங்க. 14 பல் எங்கேன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் வரலை.

கியர்க்கணக்கு:
14 இல்லாவிட்டால் 15-ல் வேகமாகச் சுற்றுங்கள். சமதளத்தில் அது முடியும். வின்னட்ஸில் இல்லாத பல்லை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? 41 கிலோவுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒற்றைமிதி:
28 போதும்.