கலைச்சொல் தேவை: எண்ம விதிக்கு அடங்காத மூலக்கூறுகள்

அன்புள்ள குழுவினருக்கு,

வேதிப்பிணைப்பு பற்றிய இயல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பிணைப்பில் ஓர் அணுவைச் சுற்றி எட்டு வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அமையும் என்பது எண்ம விதி. அதற்கு அடங்காதவை மூன்று வகை. போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி 6 எலக்ட்ரான்களே உள்ளன. சல்பர் ஹெக்சாஃபுளோரைடில் கந்தகத்தைச் சுற்றி 12 என்று எழுதுகிறோம். நைட்ரிக் ஆக்சைடிலோ இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களின் மொத்தமே 11, ஒற்றைப்படை. முதலிரண்டுக்குக் குறையெண்மம், மிகையெண்மம் என்று வைத்திருக்கிறேன். மூன்றாவதற்குச் சொல் கிடைக்கவில்லை.

— மொழிபெயர்ப்பாளர்

•

மூன்றாவது இருக்கட்டும், 'எண்மம்' என்பதையே முதலில் விசாரியுங்கள். எண்ம நூலகம், எண்மப் பதிப்பு என்று டிஜிட்டலுக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. அங்கே எண் என்பது இலக்கம். இங்கே எண்திசையில் வரும் எட்டு. 'எட்டக விதி' என்றால் குழப்பமே இல்லை. 'எலக்ட்ரானை'யும் 'எதிர்மின்னி' ஆக்கிவிடுங்கள்.

— கணினித் தமிழ் அன்பர்

•

ஐயா, எங்கள் பாடநூல்களில் அது 'இலத்திரன்'. 'இணைதிறன்' எங்களுக்கு 'வலுவளவு'. எதிர்மின்னி மூன்றாவது சொல்லாக வந்தால் யாருக்குப் பயன்?

— யாழ்ப்பாணத்திலிருந்து

•

அன்பர்களே, நம்மிடம் ஆயத்தமாக ஓர் ஒழுங்கு இருக்கிறது. யாப்பிலக்கணத்தை நினையுங்கள். நாற்சீர் அடி அளவடி. இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி, ஐஞ்சீர் நெடிலடி, அதற்கு மேல் கழிநெடிலடி. ஓர் எலக்ட்ரானை அசை என்றும் ஓர் இணையைச் சீர் என்றும் கொள்ளுங்கள். மீத்தேனின் கார்பன் அளவடி. வளிம நிலைப் பெரிலியம் குளோரைடு குறளடி. போரான் டிரைஃபுளோரைடு சிந்தடி. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு நெடிலடி. சல்பர் ஹெக்சாஃபுளோரைடு அறுசீர்க் கழிநெடிலடி. அயோடின் ஹெப்டாஃபுளோரைடு எழுசீர். இது வெறும் ஒப்புமை இல்லை. வேதியியலாளர் லூயிஸ் 1916இல் எலக்ட்ரான் இணையைப் பிணைப்பின் அடிப்படையாக வைத்தார். 1923இல் எட்டைவிட இரண்டே அடிப்படை விதி என்றும் வாதிட்டார். எட்டுக்கு 'ஆக்டெட்' என்ற பெயர் லாங்மியூர் 1919இல் தந்தது.

மூன்றாம் வகை? வெண்பாவின் ஈற்றில் நாள், மலர் என ஓரசைச்சீர் நிற்கிறதே, அதுதான். நைட்ரிக் ஆக்சைடு 5 சீரும் ஓரசையும். நைட்ரஜன் டையாக்சைடின் இரு மூலக்கூறுகள் கூடி டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகும்போது இரண்டு ஓரசைகள் ஒரு சீராகின்றன. இயலின் தலைப்பில் விதிவிலக்கு வேண்டாம். புறனடை என்று போடுங்கள். விதிவிலக்கு என்றால் விதி தோற்றது போலிருக்கிறது. சூத்திரத்துள் அடங்காமல் எஞ்சியவற்றைத் தழுவிக்கொள்வது புறனடை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

•

ஐயா, ஓரசை விளக்கத்தை நாளையே வகுப்பில் சொல்வேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் நெடிலடியான பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு திண்ம நிலையில் நெடிலடியாக இருப்பதில்லை. நான்கு குளோரின் கொண்ட நேரயனியும் ஆறு குளோரின் கொண்ட எதிரயனியுமாகப் பிரிந்து, அளவடியும் அறுசீரடியும் ஆகிவிடுகிறது. ஆனால் சிந்தடியும் நெடிலடியும் என் மாணவர்களில் பலருக்கு ஆக்டெட்டைவிடக் கடினமான சொற்கள். தேர்வுத்தாளில் அவை வரக்கூடாது.

மொழிபெயர்ப்பாளருக்கு: மிகை, குறை இரண்டும் கணக்குப் பாடத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ். மிகையெண்மம் என்றதும் பிள்ளைகள் நேர்மின்சுமையைத் தேடுவார்கள். 'விரிந்த எண்மம்' என்றும் சிலர் சொல்வார்கள். அதையும் ஏற்க மாட்டேன். டி ஆர்பிட்டால்கள் (அணுவில் எலக்ட்ரான்கள் தங்கக்கூடிய ஒருவகை இடங்கள்) இடம் கொடுப்பதால் எலக்ட்ரான் கூடு விரிகிறது என்ற பழைய விளக்கம் இன்று நிற்கவில்லை. கணக்கீடுகளில் அவற்றின் பங்கு சிறிதே. 1951இல் ரண்டலும் பிமென்டலும் முன்வைத்த மூன்று மைய நான்கு எலக்ட்ரான் பிணைப்பில் (மூன்று அணுக்களுக்கு நடுவே நான்கு எலக்ட்ரான்கள்), இரண்டு எலக்ட்ரான்கள் வெளி அணுக்கள் மீதே தங்குகின்றன. தவறான காரணத்தைப் பெயருக்குள் வைத்துவிட்டால் பிறகு அதைப் பிடுங்கி எறிய முடியாது. 'விஞ்சிய எண்மம்' என்போம்: எண்ணிக்கை எட்டைத் தாண்டியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதற்கு இணை 'நிறைவுறா எண்மம்'.

— மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியை

•

அனைவருக்கும் நன்றி. நிறைவுறா எண்மம், விஞ்சிய எண்மம், ஒற்றைப்படை எலக்ட்ரான் மூலக்கூறு என்று அனுப்புகிறேன். தலைப்பில் விதிவிலக்கே இருக்கும். அடிக்குறிப்பில் புறனடையும் இலத்திரனும் உண்டு.

— மொழிபெயர்ப்பாளர்

•

ஒற்றைப்படை எலக்ட்ரான் மூலக்கூறு கலைச்சொல் ஆகாது, அது ஒரு வாக்கியத்தின் பாதி. 'ஓரசை மூலக்கூறு' என்பதை நான் திரும்பப் பெறவில்லை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

•

எட்டகத்தை நானும்.

— கணினித் தமிழ் அன்பர்