காசு எந்த வழியால் திரும்பி வரும்? யாழ்ப்பாணத்து அனுபவங்களை இங்கே எழுதுங்கள்

கோண்டாவில்காரி எழுதியது:

2021ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். பக்கத்து ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளை, சின்ன வயதில் எங்கள் முற்றத்தில் மாங்காய் பொறுக்கியவர். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்து கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். ஒன்றேகால் இலட்சம் கட்டி இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் மாதாமாதம் வங்கிக் கணக்கில் காசு விழும் என்றார். கேட்கக் கேட்க என் மனம் சாயத் தொடங்கியது. முகாமைத்துவ உதவியாளர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிற எவருக்கும் அந்தச் சாய்வு புரியும்.

மாமி விறாந்தையில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"தம்பி, நாங்கள் தருகிற காசு எந்த வழியால் எங்களிடம் திரும்பி வரும்?"

"உங்களுக்குக் கீழே இரண்டு பேர் சேருவார்கள் ஆச்சி. அவர்கள் கட்டுவதில் உங்களுக்கு ஒரு பங்கு."

"அவர்களுக்கு?"

"அவர்களுக்குக் கீழே நான்கு பேர்."

"கடைசியாகச் சேருகிறவனுக்கு?"

அந்தப் பிள்ளை தேநீரைக் குடித்து முடித்து, பிறகு வருகிறேன் என்று எழுந்துவிட்டார். அன்று இரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதற்படியில் ஒருவர், அடுத்ததில் இருவர், பிறகு நால்வர் என்று போனால் இருபதாவது படிக்கு மட்டும் 524,288 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் சேர்த்தாலும் இருபத்தோராவது படிக்கு ஆள் இல்லை. இப்படியான கூம்பகத் திட்டங்கள் எங்கள் நாட்டில் வங்கித்தொழில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை என்பதைப் பிறகுதான் படித்தேன். மாமிக்கு அந்தச் சட்டம் தெரியாது, கேள்வி தெரிந்திருந்தது.

மாமி முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீட்டுத் தாச்சியாக, அதாவது சீட்டை நடத்துபவராக, இருந்தவர். பன்னிரண்டு பேர், மாதம் பத்தாயிரம், ஏலச்சீட்டு. முதல் மாதம் தாச்சிக்கு. அடுத்த மாதத்திலிருந்து யாருக்கு அவசரமோ அவர் கழிவு கூறி எடுப்பார். ஒருவர் 18,000 கழிவு கூறி எடுத்தால் அவர் கைக்கு 102,000 போகும். கழிவை எல்லோருக்கும் பிரிக்க, அந்த மாதம் ஆளுக்கு 8,500 கட்டினால் போதும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஆபத்து ஒன்றே ஒன்று: எடுத்தவர் கட்டாமல் விடுவது. அதற்காகத்தான் மாமி ஆள் பார்த்துச் சேர்ப்பார்.

மாமியின் சீட்டுக் கணக்குக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. நீளமான சி.ஆர். கொப்பி, மட்டை கழன்று தைத்த நூல் தெரிகிறது. இடப்பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள். கட்டியவருக்கு நீலப் புள்ளி, எடுத்தவருக்குச் சிவப்பு வட்டம். கடைசிப் பக்கத்தில், பிந்திக் கட்டியவர்களின் பெயரும் காரணமும்: "பிள்ளைக்குக் காய்ச்சல்", "வெங்காயம் விலைப்படவில்லை". 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி சண்டையால் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மாமி காணி உறுதியோடு இந்தக் கொப்பியையும் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கிறார். அந்தச் சீட்டில் நான்கு பேர் இன்னும் எடுக்கவில்லை. கொடிகாமத்தில் இருந்தபடி ஆள் தேடி ஆள் தேடி, கிடைத்த காசைக் கிடைத்தபடி அந்த நால்வருக்கும் பிரித்துக் கொடுத்தாராம். அந்த மாதங்களின் புள்ளிகள் பென்சிலால் இடப்பட்டவை. பேனை கிடைக்கவில்லை போலும்.

நான் இப்போது ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு வைத்திருக்கிறேன்: கொடுத்த நாள், திரும்பும் நாள், எந்த வழியால். மூன்றாவது நிரலை என் கையால் நிரப்ப முடியவில்லை என்றால் காசு கொடுப்பதில்லை. வங்கி வைப்பு, சீட்டு, அண்ணன் கேட்ட கைமாற்று எல்லாவற்றுக்கும் இதே விதி. இரவுச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் போதும்.

உங்களை இப்படி யாராவது ஒருவர் ஒரு கேள்வியால் நிறுத்தியிருந்தால் அதை எழுதுங்கள்.

சுன்னாகத்தான் எழுதியது:

அக்கா, என்னை நிறுத்தியவர் என் அம்மா. ஆனால் அவர் நிறுத்திய காரணம் வேறு.

2022 நடுப்பகுதியில் அம்மாவிடம், "கையில் இருக்கிற காசைத் திறைசேரி உண்டியலில் போடப்போகிறேன்" என்றேன். அம்மா பதறிவிட்டார். எங்கள் ஊரில் உண்டியல் என்றால் வெளிநாட்டுக் காசு வங்கிக்கு வெளியே கைமாறுகிற வழிதானே. ரூபாய் மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்து, மே மாதத்துக்குள் 360 வரை விழுந்திருந்த காலம். உண்டியல்காரருக்கு என்ன நடந்தது, யாரைப் பிடித்தார்கள் என்று தினமும் கதை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் ராசா, கொப்பா உழைத்த காசு" என்றார்.

அவரை இருத்தி விளங்கப்படுத்தியபோதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. அரசாங்கம் கடன் வாங்குகிற பத்திரம் அது. 91, 182, 364 நாள் என்று மூன்று தவணை. ஆண்டுக்குப் பத்து வீதம் என்று வைத்துக்கொண்டால், இன்று ஏறக்குறைய 91 ரூபாய் கொடுத்து, 364 நாள் கழித்து 100 ரூபாயாக எடுக்கிறோம். வட்டி என்று தனியாக ஒன்று வராது, அந்த வித்தியாசம்தான் வட்டி. கிழமைதோறும் ஏலம் நடக்கும். நாங்கள் வங்கி அல்லது முதனிலை வணிகர் (அரசாங்கப் பத்திரங்களை வாங்கி விற்க அனுமதி பெற்ற நிறுவனம்) ஊடாக வாங்கலாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அரசாங்கத்திடமே காசு இல்லை என்கிறார்கள், அது எப்படித் திருப்பித் தரும்?" என்றார். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தார்களே. அவர் கேட்டது சரியான கேள்வி. நானும் பயந்து, 364 நாளுக்குப் போட இருந்ததை 91 நாளுக்குப் போட்டேன்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. நண்பர்கள் கொண்டாடினார்கள். ஆனால் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முப்பது வாங்கி எழுபது இழந்துகொண்டிருந்தோம் என்பதை எத்தனை பேர் யோசித்தார்கள் என்று தெரியாது. எனக்குப் பாண் வாங்கும்போது உறைத்தது. அடுத்த ஆண்டு எல்லாம் தலைகீழ். 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியது, உண்டியல் வட்டியும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பாதியாகியது. 2022 கடைசியில் 364 நாளுக்குப் போட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். நான் ஒவ்வொரு மூன்று மாதமும் குறைந்த வட்டிக்கு மாற்றி மாற்றிப் போட்டேன்.

இப்போது ஒரே தவணையில் எல்லாவற்றையும் போடுவதில்லை. மூன்றாகப் பிரித்துப் போடுகிறேன். அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் பத்திரத்தைக் காட்டுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியை மட்டும் பார்ப்பார்.

கரவெட்டியார் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த காசு முழுவதையும், கூடுதல் வட்டி என்று ஒரு நிதி நிறுவனத்தில் வைத்தார். அது படுத்துவிட்டது. அப்பா பல மாதம் வாசலிலேயே இருந்தார், யாராவது கடிதம் கொண்டுவருவார்களா என்று. அப்போது வங்கியில் வேலைசெய்த ஒரு அக்காதான், நிறுவனம் படுத்துவிட்டால் வைத்தவருக்கு ஒரு எல்லை வரை காசு திரும்பக் கிடைக்கிற வைப்புக் காப்புறுதி என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். இப்போதைய உச்சவரம்பு ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும்; உரிமப் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. வைக்கும் முன் பாருங்கள். 11 இலட்சத்துக்கு மேலே இருந்தால் இரண்டு இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று: 2025 ஏப்ரலில் இருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாத முதியவர்கள் வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். எங்கள் ஊரில் பல அம்மாமார் இது தெரியாமல் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டாரையும் ஒரு தரம் கேளுங்கள்.

கொக்குவிலில் எழுதுகிறவள்:

நான் காசைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பதினொரு ஆண்டுகளாக இணையத்தில் தமிழில் எழுதுகிறேன். தொடக்கத்தில் எழுதியதெல்லாம் ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில். கணினி பழுதானபோது பாதி போய்விட்டது, மீதியை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு ஆவணி விடுமுறை முழுவதும் இருந்தேன். 2018இல், தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தருகிற கூகுள் அட்சென்ஸ் தமிழுக்கு வந்தபோது மிகவும் நம்பினேன். நூறு டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். எனக்கு அது சேர இரண்டரை ஆண்டு எடுத்தது. எழுத்தை வருமானமாக நினைத்து வேலையை விட நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது.

என்னை நிறுத்தியவர் திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கிற அம்மா. 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. எழுத நேரமே இல்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கீரைப்பிடிக்குத் தண்ணீர் தெளித்தபடி, "பிள்ளை, நல்லூரில் மணி அடிக்கிறது நின்றதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நல்லூர்க் கோவிலில் பூசை நேரம் தவறாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சண்டைக் காலத்திலும் அந்த மணியைக் கேட்டு உலை வைத்தவர்கள் நாங்கள். அடுத்த நாளிலிருந்து அதிகாலை மணிக்கு எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் தாளில் எழுதினேன். மின்சாரம் வரும் நேரத்தில் தட்டச்சு மட்டும். முன்பு மாதம் இரண்டு கட்டுரை எழுதியவள், அந்த இருட்டான மாதங்களில் ஏழு, எட்டு எழுதினேன்.

அந்த அம்மாவுக்காகவே ஒன்று எழுதினேன்: அடைவு வைத்த நகையை மீட்கும்போது வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பற்றுச்சீட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், தவணை தவறினால் ஏலத்துக்குப் போவதற்கு முன் என்ன அறிவித்தல் வரும் என்று. நான் எழுதியவற்றில் அதைத்தான் இன்றும் அதிகம் பேர் வாசிக்கிறார்கள். அவருடைய மகள் அதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம். அடுத்த சந்தை நாளில் ஒரு பிடி வல்லாரையைப் பைக்குள் வைத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

கனடா ஸ்காபரோவிலிருந்து ஒருவர்:

நான் ஊரில் இரண்டு பரப்புக் காணி வாங்க முற்பணம் அனுப்பத் தயாராக இருந்தேன். நொத்தாரிசு ஐயா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "பங்குக்காரர் எத்தனை பேர், அவர்களுக்கு அறிவித்தாயிற்றா?" யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குடைமைக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. விற்பவர் மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அந்தக் காணிக்கு அறிவித்தலும் இல்லை, சம்மதமும் இல்லை. அனுப்பியிருந்தால் வழக்குக்குத்தான் காசு அனுப்பியிருப்பேன்.

கோண்டாவில் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கழுத்துப்பட்டித் தம்பி என்ன ஆனார்?

கோண்டாவில்காரி எழுதியது:

கேட்டதற்கு நன்றி அண்ணா. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2023இல் திரும்பி வந்தார். கழுத்துப்பட்டி இல்லை, மெலிந்திருந்தார். தான் சேர்த்த பதினொரு பேரும் காசைக் கேட்கிறார்கள் என்றும், அவர்களில் ஆறு பேர் இந்த ஊர்க்காரர், தெருவில் முகம் பார்க்க முடியவில்லை என்றும் சொன்னார். என்னிடம் கடன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மாமியிடம்தான் வந்திருந்தார். எப்படிக் கொடுத்துத் தீர்ப்பது என்று கேட்க.

மாமி அவரை ஏசவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்தக் கொப்பியை எடு" என்றார். பின்பக்கத்தில் எழுதாத தாள்கள் இருந்தன. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, மேலே மாதங்களை எழுதி, பேனையை என்னிடம் தந்துவிட்டு, "இப்போது பெயர்களைச் சொல்லு தம்பி, அதிகம் கஷ்டப்பட்டவரை முதலில் சொல்லு" என்றார்.

மாமி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அந்தத் தம்பி இப்போது ஒரு வன்பொருள் கடையில் வேலை செய்கிறார். மாதம் 5ஆம் திகதி பின்னேரம் வந்து, கொடுத்த காசைச் சொல்லுவார், நான் புள்ளி போடுவேன். பதினொரு வரிசையில் ஏழு முடிந்துவிட்டன.