தாத்தா பெட்டியில கிடைச்ச மலை மேப், எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கம்மவான்பேட்டை பையன்:
எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது மிலிட்டரில இருப்பாங்க, எங்க தாத்தாவும் அப்படித்தான். பரண்ல இருந்து அவரோட டிரங்குப் பெட்டிய இறக்குனா அடியில துணி ஒட்டி மடிச்ச ஒரு சர்வே மேப், பிரிச்சதும் அந்துருண்டை வாசனை குப்புன்னு வருது. மேல '53 என்'னு நம்பர், வலது ஓரத்துல நந்தாதேவி மலை உயரம் 25,645ன்னு இருக்கு, ஆனா கூகுள்ல 7,816 தானே? வருஷம் போட்டிருந்த கீழ் ஓரத்த பூச்சி அரிச்சிடுச்சு. லேமினேட் பண்ணிடலாமா?

காட்பாடி கான்டூர்:
25,645 அடிக் கணக்கு தம்பி, மீட்டராக்குனா 7,816க்கு மேல ஒரு அரை மீட்டர் வரும், அவ்ளோதான். '53 என்'ங்கறது அட்சரேகை ஒரு டிகிரி, தீர்க்கரேகை ஒரு டிகிரி உள்ள கட்டம், உத்தராகண்ட்ல இருக்கற ஜோஷிமட், பத்ரிநாத் எல்லாம் அதுலதான். நம்ம வேலூரு 57 பி. வருஷத்துக்கு ஒரு வழி இருக்கு. நந்தாதேவிய சுத்தி கோட்டைச் சுவர் மாதிரி மலை, 1934ல தான் ஷிப்டன், டில்மன்னு ரெண்டு பிரிட்டிஷ் மலையேறிங்க ரிஷி கங்கா பள்ளத்தாக்கு வழியா உள்ள போனாங்க, 1936ல மேப் போடற அரசாங்கத் துறையான சர்வே ஆஃப் இந்தியா ஆளுங்க போய் அளந்தாங்க. அந்த சுவத்துக்கு உள்ள உயரத்தக் காட்டற பழுப்புக் கோடு விட்டு விட்டு இருந்தா குத்துமதிப்பா போட்டது, 1936க்கு முந்தின சர்வே. முழுக் கோடா நெருக்கமா ஓடுச்சுன்னா பிந்தினது.

பழைய பேப்பர் பைத்தியம்:
லேமினேட் மட்டும் வேணாம்ப்பா!! எங்க நைனாவோட நிலப் படத்த ஒரு கடையில குடுத்து பண்ணேன், சூட்டுல இங்க் பரவி உள்ள குமிழி குமிழியா நிக்குது, இப்ப உரிக்கவும் முடியல. செல்லோடேப்பும் ஒட்டாத. விரிச்சு பட்டையா வச்சு, வெயில் படாத பீரோவுல வை, நம்ம ஊர் சித்திரை வெயில் பரண்ல என்ன பண்ணும்னு தெரியும்ல. அப்புறம் மேல 'ரெஸ்ட்ரிக்டட்'னு அடிச்சிருக்கான்னு பாரு, பார்டர் பக்கத்து ஷீட்டு, இருந்துச்சுன்னா போட்டோ எடுத்து இங்க போட்டுறாத.

கம்மவான்பேட்டை பையன்:
அடிச்சிருக்கு அண்ணா, அதனால போட்டோ இல்ல, மன்னிச்சுக்கோங்க. லென்ஸ் வச்சுப் பாத்தேன், உள்ள முழுக் கோடுதான், சில இடத்துல நகம் வைக்க இடமில்லாத அளவு நெருக்கம். அப்ப 1936க்கு அப்புறம்தான். இன்னொண்ணு, ஜோஷிமட் மேல பென்சில்ல ஒரு வட்டம் இருக்கு. ஆயா கிட்ட காட்னேன், கண்ணாடிய மாட்டிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு "இங்க இருந்துதான்டா மாசம் ஒரு லெட்டர் வரும்"னாங்க.