உறைந்த குச்சிக்கிழங்கு: கதவுப் பக்கத்துப் பெட்டிகள் மட்டும் கட்டியாகிப் போனது ஏன்?

ஆத்தூர் கிழங்கு:
வணக்கம். ரீஃபர் கண்டெய்னரில் (குளிரூட்டும் இயந்திரம் உள்ள கண்டெய்னர்) சரக்கு அனுப்பிப் பழகியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் விளைகிற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பெரும்பாலும் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஃபேக்டரிக்குத்தான் போகும். நாங்கள் சமையல் ரகமாகப் பார்த்து வாங்கி, தோல் சீவி, துண்டு போட்டு, ஒரு கிலோ பையில் உறைய வைத்துத் துபாய்க்கு அனுப்புகிறோம். உறைய வைப்பதும் அட்டைப்பெட்டியில் அடுக்குவதும் வாடகைக்குப் பிடித்த ஒரு கோல்டு ஸ்டோரேஜில். அங்கேயே 40 அடி ரீஃபரில் ஏற்றி, ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) மாட்டிய டிரெய்லரில் தூத்துக்குடி. பிறகு கொழும்பில் கப்பல் மாறி துபாயின் ஜெபல் அலி துறைமுகம். இயந்திரத்தில் வைத்த வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி.

இந்த முறை வாங்குபவர் போட்டோ அனுப்பியிருக்கிறார். இயந்திரம் இருக்கும் பக்கத்துப் பெட்டிகளில் துண்டுகள் உதிரியாக, அருமையாக இருக்கின்றன. கதவை ஒட்டிய கடைசி நான்கைந்து வரிசையில் மட்டும் பைக்குள் எல்லாம் ஒட்டிப்போய்ச் செங்கல் போல இருக்கிறது. கொழும்பில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்கிறார் அவர். எனக்கும் அதே சந்தேகம்தான். ஷிப்பிங் லைனை (கப்பல் கம்பெனியை) கேட்டால், "மைனஸ் 18-லேயே வந்திருக்கிறது" என்று இரண்டு வரி மெயில். பாதிப் பணம் நிற்கிறது. யாரைப் பிடிப்பது?

ஓமலூரான்:
கொழும்பு வரைக்கும் எதற்குப் போகிறீர்கள்? ஜென்செட்டை நிறுத்தி டீசல் மிச்சம் பிடித்திருப்பார் டிரைவர். மதுரை தாண்டினால் யார் பார்க்கப் போகிறார்கள்!

ரீஃபர் மெக்கானிக்:
அண்ணா, இரண்டுமே இருக்கலாம்தான். ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் இரண்டுக்கும் பொருந்தவில்லை. கரண்ட் போனால் கதவுப் பக்கம் மட்டும் கெடாது. கூரையை ஒட்டிய மேலடுக்கும் பக்கச் சுவரை ஒட்டிய பெட்டிகளும் கண்டெய்னரின் முழு நீளத்துக்கும் முதலில் இளகும், நடுவில் இருப்பது கடைசியாக. நன்றாக உறைந்த சரக்கு இறுக்கமாக அடுக்கியிருந்து, கதவும் மூடியிருந்தால், சில மணி நேரம் பிளக் இல்லாமலேயே தாங்கும்.

குளிர்காற்று எப்படி ஓடுகிறது என்பதையும் பாருங்கள். இயந்திரம் முன்பக்கச் சுவரில் இருக்கிறது. காற்று தரையில் உள்ள பள்ளங்கள் வழியாகக் கதவு வரை போய், மேலே ஏறி, கூரைக்கும் சரக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் திரும்பி வரும். சுவரில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்காகத்தான், அதைத் தாண்டி அடுக்கினால் திரும்பும் வழி அடைபடும். கதவுப் பக்கம் இந்தப் பாதையின் கடைக்கோடி. அதோடு, கடைசியாக ஏற்றுகிற சரக்கு நிற்கிற இடமும் அதுதான். எனக்கு அந்த இரண்டாவது விஷயத்தில்தான் கண்.

லைன் அனுப்பிய இரண்டு வரி எதற்கும் ஆகாது. கண்டெய்னர் இயந்திரத்தின் கண்ட்ரோலரில் இருந்து இறக்கிய முழுப் பதிவைக் கேளுங்கள். உள்ளே போகும் காற்று, திரும்பும் காற்று இரண்டின் வெப்பநிலையும் மணிக்கொரு முறை பதிவாகியிருக்கும். அப்புறம், பைக்குள் ஐஸ் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது? பொடிப்பொடியாகப் பனித்தூள் மாதிரி பரவியிருக்கிறதா, ஒரே பக்கம் தண்ணீர் தேங்கி உறைந்த மாதிரி இருக்கிறதா? கோல்டு ஸ்டோரேஜில் பைகளைப் படுக்க வைத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா?

சேர்வராயன் தோட்டம்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பட்டர்ஃப்ரூட் நிறைய வருகிறது. அண்ணன் அனுப்பும் கண்டெய்னரில் இடம் இருந்தால் இருபது முப்பது பெட்டி சேர்த்து அனுப்ப முடியுமா? வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ரீஃபர் மெக்கானிக்:
முடியாதுங்க. ஒரு கண்டெய்னருக்கு ஒரே வெப்பநிலைதான். மைனஸ் 18-ல் உங்கள் பழம் கல்லாகி, இளகும்போது கூழாகிவிடும். பழம் மூச்சு விடுகிற பொருள், அதற்கு வெளிக்காற்று வர வென்ட்டைத் திறந்து வைக்க வேண்டும். உறைந்த சரக்குக்கு அதே வென்ட் மூடியிருக்க வேண்டும். பழத்தோடு பழம் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். நம் சேலத்து மாம்பழத்தை 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழும், சரியாகப் பழுக்காது. கோல்டு அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து மல்கோவாவை 5 டிகிரியில் அனுப்பிக் கெடுத்தவர்கள் உண்டு.

ஆத்தூர் கிழங்கு:
பதிவு வந்துவிட்டது தம்பி. சரக்கேற்றி முடித்த சாயங்காலம் திரும்பும் காற்று மைனஸ் 7 காட்டுகிறது. மறுநாள் மைனஸ் 10. மைனஸ் 17-ஐத் தொடவே நான்கு நாள் ஆகியிருக்கிறது. கொழும்பில் இருந்தபோது பதிவில் இரண்டு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு இரண்டு டிகிரி ஏறி, உடனே இறங்கிவிட்டது.

கோல்டு ஸ்டோரேஜில் பைகளைக் கிரேட்டில் நிறுத்தித்தான் வைப்பார்கள், அட்டைப்பெட்டியில் படுக்க வைப்பார்கள். கட்டியான பைகளில் ஐஸ் படுத்த பக்கத்தில் தகடாகப் படிந்திருக்கிறது. அங்குள்ள பதிவேட்டையும் பார்த்தேன். கடைசி லாட் முந்தைய ராத்திரி உள்ளே போயிருக்கிறது, மறுநாள் மதியமே பெட்டியில் போட்டுவிட்டார்கள். அது உறைந்துவிட்டது என்று சொல்லித்தான் எங்கள் ஆளிடம் ஏற்றச் சொன்னார்கள்.

ரீஃபர் மெக்கானிக்:
அப்படியானால் கொழும்பை விட்டுவிடுங்கள். மைனஸ் 17-ஐத் தொட நான்கு நாள் என்றால், சரக்கே சரியாக உறையாமல்தான் ஏறியிருக்கிறது. பனித்தூளாகப் பரவியிருந்தால் வழியில் சூடு ஏறி இறங்கியது என்று சொல்லலாம். தகடாகப் படிந்திருந்தால் தண்ணீராக ஓடித் தேங்கியது என்று அர்த்தம். கிரேட்டில் நின்றபோது நடந்திருந்தால் பையின் அடி முனையில் சேர்ந்திருக்கும். படுத்த பக்கத்தில் இருப்பதால், அட்டைப்பெட்டிக்குள் போன பிறகு நடந்தது. வெளியே உறைந்து, உள்ளே உறையாத துண்டுகள் அவை. உள்ளே மிச்சமிருந்த சூடு வெளித்தோலை இளக்கிவிட்டது. அதற்குப் பிறகு கண்டெய்னர் அதை நாள் கணக்கில் மெதுவாக உறைய வைத்து ஒட்ட வைத்திருக்கிறது.

அங்கே இருப்பது பிளாஸ்ட் ஃப்ரீசரா, வெறும் ஸ்டோரேஜ் அறையா என்று கேளுங்கள். பிளாஸ்டில் மைனஸ் 35, 40 டிகிரிக் காற்றை வேகமாக அடிப்பார்கள். மைனஸ் 20 அறையில் கிரேட்டில் நெருக்கி வைத்த ஒரு கிலோ பை ஒரே ராத்திரியில் நடுவரை உறையாது. ரீஃபரும் அந்த வேலைக்கு ஆகாது. உறைந்ததை உறைந்தபடி கொண்டுபோகத்தான் அதற்குச் சக்தி. ஒரு கிலோ தண்ணீர் ஐஸாக மாறவே 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். மைனஸ் 18-ல் இயந்திரத்தின் குளிரூட்டும் திறனோ, 2 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

ஓமலூரான்:
சரி, டிரைவர் தப்பித்தார். ஏன் அந்தக் கடைசி லாட்டுக்கு அவ்வளவு அவசரம்?

ஆத்தூர் கிழங்கு:
கிழங்கைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்காதே! இரண்டு நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடிவிடும். கப்பல் தேதியும் நெருங்கிவிட்டது.

தூத்துக்குடி ஏஜென்ட்:
பண விஷயத்துக்கு வருகிறேன். லைன் மேல் க்ளெய்ம் நிற்பது கடினம். சரக்கை ஏற்றி, எண்ணி, சீல் போட்டதெல்லாம் ஏற்றுமதியாளர் பொறுப்பு என்றுதான் உங்கள் பில் ஆஃப் லேடிங்கில் (லைன் தரும் சரக்கு ரசீது) இருக்கும். உள்ளே கிழங்கு எத்தனை டிகிரி என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஆனாலும் எழுத்தில் ஒரு நோட்டீஸ் போய்விட வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்து மூன்று நாளுக்குள், வழக்கென்றால் ஓராண்டுக்குள். அந்த மூன்று நாள் போயிருந்தாலும் அனுப்பி வையுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். உறைந்த உணவுக்கான பாலிசிகள் பலவற்றில் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் வெப்பநிலைச் சேதத்துக்குப் பணம். உங்கள் பதிவில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆக, பேச வேண்டியது கோல்டு ஸ்டோரேஜிடம். அதற்கு முன் துபாயில் சரக்குச் சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் ஒரு சர்வேயரை வைத்து, கெட்ட வரிசை எத்தனை, நல்ல வரிசை எத்தனை என்று தனியாக எழுதி வாங்குங்கள். வாங்குபவர் மொத்தச் சரக்குக்கும் பாதிப் பணத்தை நிறுத்துவது நியாயம் இல்லை. கட்டியானதை உடைத்துத் திரும்பப் பையில் போட்டு விற்கிற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அங்கே சோதனையில் மாட்டினால் அடுத்த கண்டெய்னரும் நிற்கும்.

ஆத்தூர் கிழங்கு:
அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் நாங்களே பார்ப்பது எப்படி? துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்துக் காட்டுகிறார்களே, அது போதுமா?

ரீஃபர் மெக்கானிக்:
போதாது, அது மேல்தோலைத்தான் காட்டும். முனை கூர்மையான புரோப் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு லாட்டிலும் நடுக் கிரேட்டில் இருந்து பை எடுத்து, பெரிய துண்டில் டிரில்லால் துளை போட்டு, புரோபை நடுவரை விடுங்கள். மைனஸ் 18 காட்டாத லாட் அன்றைக்கு ஏறக்கூடாது. உங்கள் ஊர் வெயிலில் மதிய நேரம் வேண்டாம், விடியலில் ஏற்றுங்கள். குளிர் வெளியேறாதபடி கண்டெய்னர் கதவோடு ஒட்டி நிற்கும் சரக்கேற்று மேடை (டாக்) இல்லையென்றால் கதவு திறந்திருக்கும்வரை இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஈரக்காற்றை இழுத்து, இயந்திரத்தின் குளிரூட்டும் குழாய்ச் சுருளில் பனி பிடித்துவிடும். கதவுப் பக்கம் ஒரு பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் சொந்த டேட்டா லாகர் ஒன்றும் போடுங்கள்.

ஆத்தூர் கிழங்கு:
சரி தம்பி. கோல்டு ஸ்டோரேஜில் பேசினேன், "எங்கள் மேல் தப்பு இல்லை" என்கிறார்கள். நல்ல வேளை, பதிவேட்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தூத்துக்குடி ஏஜென்ட்:
அதில் லாட் எண்ணும் நேரமும் அவர்கள் ஆள் கையெழுத்தும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் நோட்டீஸை நானே எழுதித் தருகிறேன்.